பழைய சர்வர் பாகங்கள்: எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு மாலை காபியோடு படியுங்கள்.

சில மாதங்களாக உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். "சார், அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நெகட்டிவ் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஏழெட்டு எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஒன்று போனால் அதோடு போச்சு, என்ன செய்யட்டும்?" என்றாள் ஒரு மாணவி. "பெரியப்பா, எட்டு டிஸ்கோடு ஒரு பழைய சர்வர் மலிவாக வருகிறது, வாங்கிவிடவா?" என்றான் தம்பி மகன். வீட்டிலிருக்கும் போன், லேப்டாப், டிவி எல்லாம் வைஃபை வழியே எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொதுச் சேமிப்புப் பெட்டி வேண்டும் என்பதுதான் எல்லோருடைய தேவையும். அதற்கு நாஸ் என்று பெயர். புதிதாக வாங்கினால் விலை அதிகம். கம்பெனிகள் கழித்துவிட்ட சர்வர் பாகங்களைக் கொண்டு கட்டினால் பாதிக்கும் கீழே முடியும்.

வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தொல்லைக்குத் தீர்வாகப் பிறந்தது. அந்தத் தொல்லை என்ன என்று தெரிந்தால், அந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாமா கூடாதா என்பது தானாகத் தெரிந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேயாததைப் பழையதாக வாங்குங்கள், தேய்வதைப் புதிதாக வாங்குங்கள், தப்பு நடந்தால் வாய் திறந்து சொல்லும் பாகமாகப் பார்த்து வாங்குங்கள். இனி காரணங்கள்.

1. முதல் டிஸ்கைச் செய்தவரும் ஒரு வாத்தியார்தான்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்ட் ஜான்சன் என்ற ஓர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் இருந்தார். விடைத்தாள் திருத்தும் வேலையை இயந்திரத்திடம் விட முடியுமா என்று யோசித்தார் (நமக்கெல்லாம் தோன்றிய ஆசைதான்). பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து மாணவர் குறித்த விடையைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். இன்று உங்கள் பிள்ளைகள் வட்டம் வட்டமாகக் கறுக்கும் விடைத்தாளுக்கு அது முன்னோடி. ஐ.பி.எம். நிறுவனம் அந்தக் கருவியின் உரிமையை வாங்கி, 1934இல் அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

1952இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதிய ஆய்வுக்கூடம் தொடங்க அவரை அனுப்பினார்கள். அவருடைய குழு செய்ததுதான் 1956 செப்டம்பரில் வெளிவந்த ராமாக் கணினியின் டிஸ்க் பெட்டி. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதில் அடங்குவதே கடினம். முழுக் கணினிக்கும் மாத வாடகை 3,200 டாலர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று முதல் இன்று வரை ஹார்ட் டிஸ்கின் அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு முனை மயிரிழை உயரத்துக்கும் குறைவாக மிதந்து படிக்கிறது. சுழலும் பொருள் தேயும். பெட்டியில் இருக்கும் மற்றப் பெரும்பாலான பாகங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பவை. முதல் வேறுபாடு இதுதான்.

2. நல்ல பாகம் எப்படிக் குறைந்த விலைக்கு வருகிறது?

"மலிவாக வருகிறது என்றால் கெட்டுப்போனதாகத்தானே இருக்கும்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

பெரிய தரவு மையங்களில் சர்வரைக் கழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பழுது அல்ல. வாரண்டி முடிகிறது, புதிய தலைமுறை சிப்பு அதே மின்சாரத்தில் இரு மடங்கு வேலை செய்கிறது, இடத்துக்கும் குளிரூட்டலுக்கும் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் பார்த்தால் ஓடும் இயந்திரத்தையே கழித்துவிடுவது லாபம். அப்படிக் கழித்தவை லாட் லாட்டாக விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறி, ஒரு பகுதி நம் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான சந்தைகளுக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2012இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2600 வரிசையையும் 2013இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் போடும் டி.டி.ஆர்.3 ரெஜிஸ்டர்டு வகை ராம் சாதாரண வீட்டுக் கணினியில் வேலை செய்யாது. 2014இல் வந்த மூன்றாம் பதிப்பு டி.டி.ஆர்.4க்கு மாறிவிட்டது. ஆக, அந்தப் பழைய ராமை வீட்டுக்காரர்களும் வாங்க மாட்டார்கள், கம்பெனிக்காரர்களும் வாங்க மாட்டார்கள். தரத்தில் குறை இல்லை. பொருந்தும் இடம்தான் குறைந்துபோனது. விலை விழுந்தது. நமக்கு லாபம் இருப்பது இந்த மாதிரிச் சந்துகளில்தான்.

3. ராம்: வார இறுதியில் கோபப்பட்ட கணித மேதை

இப்போது பாகம் பாகமாக வருவோம். முதலில் ராம்.

1940களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணிதவியலர் இருந்தார். அங்கிருந்த ரிலே கணினியில் வார இறுதியில்தான் அவருக்கு முறை கிடைக்கும். வார நாளில் இயந்திரம் பிழை கண்டால் நின்றுவிடும். ஆட்கள் வந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் ஆள் கிடையாது. எனவே பிழை வந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் அவருடைய கணக்கு இப்படி வீணாயிற்று. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் தானே திருத்தத் தெரியாதா என்று அவர் யோசித்தார். அதன் விளைவாக 1950இல் வெளிவந்த கட்டுரைதான் பிழை திருத்தும் குறியீடுகளின் தொடக்கம்.

வகுப்பறையில் சொல்வதானால் இப்படி. மாணவர்களை வரிசை வரிசையாகச் சதுரமாக உட்கார வைக்கிறோம். ஒவ்வொரு கிடை வரிசையிலும் ஒவ்வொரு நெடு வரிசையிலும் வெள்ளைச் சட்டை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று விதி. ஒருவன் நடுவில் சட்டையை மாற்றிவிட்டால் ஒரு கிடை வரிசையும் ஒரு நெடு வரிசையும் ஒற்றைப்படை ஆகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பிடித்துவிடலாம். ஹாமிங் முறை இதைவிடச் சிக்கனமானது, கருத்து இதுதான்.

சர்வர் ராமில் இ.சி.சி. என்று போட்டிருப்பது இந்தக் கருத்தின் வாரிசு. 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் மாறினால் திருத்திவிடும். இரண்டு பிட் மாறினால் திருத்த முடியாது, ஆனால் "தப்பு" என்று கூச்சல் போடும்.

பிட் எதற்காகத் தானே மாற வேண்டும்? 1970களின் இறுதியில் இன்டெல்லில் டிமத்தி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் மிக நுண்ணிய அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் மெமரியில் ஒரு பூச்சியத்தை ஒன்றாகவோ ஒன்றைப் பூச்சியமாகவோ மாற்றிவிட்டது.

அது அந்தக் காலம் என்று விட்டுவிட முடியாது. 2009இல் பியான்கா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர், கூகுள் பொறியாளர்கள் இருவருடன் சேர்ந்து கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம்களில் ஒரு பிழையாவது வந்திருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், பெரும்பாலும் அது வானத்திலிருந்து வந்து தற்செயலாக விழுந்த அடி அல்ல. கோளாறான ராமே திரும்பத் திரும்பப் பிழை செய்தது.

நமக்கு இதில் என்ன பாடம்? ராம் அசையாத பாகம், சுழலாது, தேயாது. இ.சி.சி. இருந்தால் கெட்டதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எனவே தாராளமாகப் பழையதாக வாங்கலாம். வாங்கியதும் மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இ.சி.சி. ராம் இரண்டு வகை: ரெஜிஸ்டர்டு, அன்பஃபர்டு. ஒன்றுக்கான மதர்போர்டில் மற்றது ஓடாது. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்த பிறகுதான் ராம் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று ராமை முதலில் வாங்கக் கூடாது.

4. ரெய்டு: மதிப்பெண் பதிவேட்டுக் கணக்கு

1987ஆம் ஆண்டின் இறுதி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1988இல் மாநாட்டில் வெளிவந்தது. அன்றைக்குப் பெரிய டிஸ்க் என்றால் ஐ.பி.எம். 3380. கொள்ளளவு 7,500 மெகாபைட். மின்சாரம் 6,600 வாட். மறுபக்கம், மேசைக் கணினிக்கு வந்த சிறிய டிஸ்க்: 100 மெகாபைட், 10 வாட். 75 சிறிய டிஸ்குகளைச் சேர்த்தால் பெரியதற்கு ஈடாகும். மின்சாரமும் 750 வாட்தான். பிறகேன் பெரியதை வாங்க வேண்டும் என்று கேட்டார்கள்.

சிக்கலையும் அவர்களே சொன்னார்கள். ஒரு சிறிய டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கு ஒன்று சாகும். அதாவது இரண்டு வாரத்துக்குள். அதனால் ஒன்று செத்தாலும் தகவல் சாகாதபடி கூடுதல் பிரதியோ கூடுதல் கணக்கோ வைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரின் சுருக்கம்தான் ரெய்டு.

கூடுதல் கணக்கு என்பது எப்படி? மதிப்பெண் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் 72, ஆங்கிலம் 65, கணக்கு 80, அறிவியல் 70, மொத்தம் 287. கணக்கு மதிப்பெண் மேல் மை கொட்டிவிட்டது என்றால் மொத்தத்திலிருந்து மற்றதைக் கழித்து 80 என்று எழுதிவிடலாம். ஒரு டிஸ்க் முழுவதும் செத்துப்போனால் ரெய்டு செய்வது இதைத்தான்.

ஆனால் யாரோ கணக்கில் 80ஐ 86 என்று திருத்திவிட்டால்? கூட்டிப் பார்த்தால் மொத்தம் இடிக்கும். எந்தப் பாடத்தில் தப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. மொத்தத்தையே தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகம் வரும். டிஸ்க் முழுதாகச் செத்தால் நமக்குத் தெரியும். சாகாமல் பொய் சொன்னால் பழைய ரெய்டுக்கு வழி இல்லை.

5. பொய்யைப் பிடிக்கும் ஏற்பாடு

இதற்குத் தீர்வு கண்டவர்கள் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர். 2001இல் தொடங்கி, 2005இல் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி, அதை அந்தத் துண்டோடு வைக்காமல் அதற்கு மேல்நிலையில் இருக்கும் துண்டில் வைப்பது அதன் உத்தி. விடைத்தாளும் மதிப்பெண் பட்டியலும் வேறு வேறு ஆள் கையில் இருப்பது போல. டிஸ்க் பொய் சொன்னால் எண் இடிக்கும்; எந்த டிஸ்க் என்றும் தெரிந்துவிடும்; மற்றப் பிரதியைக் கொண்டு அங்கேயே திருத்திவிடும்.

2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. அதற்கு முன்பே மூலநிரல் பொதுவில் வந்துவிட்டதால் தன்னார்வலர்கள் அதை வளர்த்தார்கள். 2013இல் ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்று ஒன்று சேர்ந்தார்கள். 2005இல் ஒலிவியே கோஷார் லாபே என்பவர் தொடங்கிய ஃப்ரீநாஸ் என்ற இலவச மென்பொருள் பின்னாளில் இசட்.எஃப்.எஸ்.ஸை ஏற்றுக்கொண்டது, இப்போது அதன் பெயர் ட்ரூநாஸ். ஒரு பெருநிறுவனத்துக்காகச் செய்த பாதுகாப்பு இன்று நம் வீட்டு அலமாரியில் காசில்லாமல் கிடைக்கிறது. என் வீட்டில் ஓடுவதும் இதுதான்.

6. டிஸ்க் கார்டு: குறுக்கே நிற்காத தரகர்

இந்த வரலாறு ஒரு கார்டின் விலையைத் தலைகீழாக மாற்றியது. முன்பெல்லாம் ரெய்டு கணக்கைப் போடுவதற்கென்றே தனிச் சிப்பும் பேட்டரியும் வைத்த கார்டு விற்றார்கள். இசட்.எஃப்.எஸ்.ஸுக்கு அந்தக் கார்டு இடைஞ்சல். அது டிஸ்குகளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தரகர் நின்று "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. எனவே நமக்கு வேண்டியது டிஸ்கை அப்படியே காட்டும் எளிய கார்டு. அதற்கு எச்.பி.ஏ. என்று பெயர்.

எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் 2008 என்ற எண்ணுள்ள சிப்பு இதில் புகழ் பெற்றது. ஐ.பி.எம். எம்1015, டெல் எச்200 என்று வெவ்வேறு பெயரில் வந்த கார்டுகளில் அதே சிப்பு இருந்தது. அவற்றின் உள் மென்பொருளை மாற்றி எழுதி வெறும் எச்.பி.ஏ. ஆக்கிவிடலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். விற்பவர் "ஐ.டி. மோட்" என்று போட்டிருந்தால் அந்த வேலையைச் செய்துவிட்டார் என்று பொருள். அதற்கு முந்தைய தலைமுறைச் சிப்பை வாங்காதீர்கள். 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது.

கார்டில் சுழலும் பாகம் இல்லை. பழையதாக வாங்கலாம். மூன்று எச்சரிக்கை. ஒன்று, போலிகள் உண்டு. பிராண்ட் பெட்டியோடு புத்தம் புதிதாக, அதுவும் பழையதைவிடக் குறைந்த விலையில் வந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு, இவை சர்வரின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்தவை. வீட்டுக் கேபினெட்டில் போட்டால் சூடேறும். சிறிய ஃபேன் ஒன்றை அதன்மேல் கட்டிவிடுங்கள். மூன்று, இந்தக் கார்டில் எஸ்.ஏ.எஸ். டிஸ்கும் போடலாம், சாதாரண சாட்டா டிஸ்கும் போடலாம். ஆனால் மதர்போர்டின் சாட்டா சாக்கெட்டில் எஸ்.ஏ.எஸ். டிஸ்க் ஏறாது.

7. ஹார்ட் டிஸ்க்: இங்கேதான் கவனம்

1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தலா 4 கிகாபைட் கொண்ட பத்து டிஸ்குகளைப் பிள்ளைகள் விளையாடும் கட்டைகளால் கட்டிய பெட்டியில் அடுக்கினார்கள். பிறகு அது கூகுள் ஆயிற்று. மலிவுப் பொருளை நம்பி வளர்ந்த நிறுவனம் என்பதால் எது எப்போது சாகிறது என்று கணக்கு வைத்திருந்தது. 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பற்றிய ஆய்வை அதன் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம். டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை காட்டிவிட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்கைப் போல 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன. அதாவது, நோய் தெரிந்தால் உறுதியாக விலகுங்கள். நோய் தெரியவில்லை என்றால் ஆரோக்கியம் என்று நம்பிவிடாதீர்கள்.

அதே 2007இல், அதே மாநாட்டில், முன்னே சொன்ன ஷ்ரோடரும் ரெய்டு கட்டுரை எழுதிய கிப்சனும் சேர்ந்து இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் தாளில் போட்டிருந்த கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம். சில இடங்களில் 13 வரை. வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போனது. விலை உயர்ந்த சர்வர் டிஸ்குக்கும் சாதாரண சாட்டா டிஸ்குக்கும் இதில் பெரிய வேறுபாடும் தெரியவில்லை. "சர்வரில் இருந்த டிஸ்க், கெடவே கெடாது" என்று கடைக்காரர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் பரிந்துரை: மீண்டும் கிடைக்காத தகவலுக்கு டிஸ்கைப் புதிதாக வாங்குங்கள். பணம் நெருக்கடி என்றால் பழையதை இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

அ) ஸ்மார்ட் அறிக்கையின் படம் கேளுங்கள். ஓடிய மணி நேரம் எவ்வளவு? ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 40,000 என்றால் நாலரை வருஷம் இரவு பகலாக உழைத்த டிஸ்க்.

ஆ) இடம் மாற்றப்பட்ட பகுதிகள், காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாத பகுதிகள் என்ற மூன்று எண்ணும் பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று என்றாலும் வேண்டாம்.

இ) மணி நேரம் பூச்சியம் என்று காட்டினாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். எண்ணைத் திருத்தி, உழைத்த டிஸ்குகளைப் புதிது என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் செய்தியாக வெடித்தது. தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள்.

ஈ) பெரிய சேமிப்பு அமைப்புகளிலிருந்து கழற்றிய எஸ்.ஏ.எஸ். டிஸ்குகள் சில 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் பிரிவுகளாக வடிவமைத்தவை. மாற்றி வடிவமைக்காமல் நம் பெட்டியில் பயன்படுத்த முடியாது. விலை மிகவும் குறைவாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

உ) எட்டு டிஸ்கும் ஒரே லாட்டா? ஒரே நாளில் பிறந்து ஒரே அறையில் உழைத்தவை ஏறத்தாழ ஒரே காலத்தில் சாகவும் கூடும். ஒன்று செத்து, புதியதில் தகவலை மீட்டு எழுதும்போது மீதி எல்லா டிஸ்கும் பல மணி நேரம் மூச்சு வாங்க ஓட வேண்டும். அப்போது இரண்டாவது போனால்? எனவே இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விலை எப்போதும் நம் கையில் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க விலை ஏறியது. 2021இல் டிஸ்கில் காலி இடத்தை வைத்து "சுரங்கம்" வெட்டும் சியா என்ற மின்பணம் வந்தபோது மறுபடி ஏறியது; அந்த ஆசை அடங்கியபின் அதில் உழைத்த டிஸ்குகள் சந்தைக்கு வந்தன. ஏறியிருக்கும் நேரத்தில் அவசரப்படாமல் தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. மதர்போர்டு, கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., மின் கட்டணம்

மதர்போர்டும் பிராசசரும் பழையதாக வாங்கலாம். ஆனால் பெரிய கம்பெனிகளின் சர்வர் போர்டுகள் பலவும் அந்தந்தப் பெட்டிக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. மின் இணைப்புகூட வேறு மாதிரி இருக்கும். தனியாகப் போர்டு வாங்குவதானால் ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவில் வந்ததாகப் பாருங்கள். தொலைவிலிருந்து இயக்கும் ஐ.பி.எம்.ஐ. வசதி இருந்தால் முதல் வேலையாகப் பழைய பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த வழியை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். நாணயம் போன்ற சிறிய பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

ஒல்லியான ரேக் சர்வரை வீட்டுக்கு வாங்காதீர்கள். அதன் சின்னஞ்சிறு ஃபேன்கள் அசுர வேகத்தில் சுற்றும். பக்கத்து அறையில் யாரும் தூங்க முடியாது. நின்ற வாக்கில் இருக்கும் கேபினெட்டும் பெரிய ஃபேன்களும் போதும். ஃபேன் சுழலும் பொருள், எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதானால் வற்றும். இரண்டையும் புதிதாக வாங்குங்கள்.

மின்சாரக் கணக்கை மறக்காதீர்கள். 100 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 60 நாளுக்கு 144 யூனிட் கூடும். இரண்டு பிராசசர் போட்ட சர்வர் இன்னும் அதிகம் இழுக்கும். வீட்டுச் சேமிப்புக்கு ஒரு பிராசசர் தாராளம். வாங்கும்போது மிச்சம் பிடித்ததை இரண்டே வருஷத்தில் மின்வாரியத்துக்குக் கட்டிவிட வேண்டாம். கரண்ட் போனால் ஒழுங்காக அணைந்துகொள்ள ஒரு சிறிய யு.பி.எஸ். கட்டாயம்.

9. இவ்வளவும் செய்த பிறகும் போதாது

ரெய்டு என்பது டிஸ்க் சாவதிலிருந்து மட்டும்தான் காக்கும். பேரன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்கிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழிந்துவிடும். வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பீட்டர் கிரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். நம்மவர்களும் ஏடு சிதையும் முன் புது ஏட்டில் படியெடுத்தார்கள். ஒரே ஊரில் ஒரே பிரதி என்று நின்ற நூல்கள்தான் பெரும்பாலும் தொலைந்தன. எனவே, நாஸ் கட்டி முடித்ததும் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். நல்லதாக இரண்டில் முக்கியமானவற்றை எழுதி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கித் திறந்து, நாலு ஃபைல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வாங்கும் வரிசை இது. முதலில் உங்களிடம் எத்தனை டெராபைட் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு பிரதிக்கான டிஸ்குக்குப் பணம் ஒதுக்குங்கள். அது மிஞ்சினால் பார்ப்போம் என்று வைக்கும் செலவு அல்ல. அடுத்து மதர்போர்டு, அதற்குப் பொருந்தும் இ.சி.சி. ராம், எச்.பி.ஏ. கார்டு, மூன்றும் பழையதாக. கேபினெட் எதுவாகவும் இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்., ஃபேன், யு.பி.எஸ்., முதன்மை டிஸ்குகள், நான்கும் புதிதாக. கட்டி முடித்து ஒரு வாரம் சும்மா ஓடவிட்டு, அதன்பிறகு படங்களை ஏற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவர் அனுப்பும் ஸ்மார்ட் அறிக்கையையும் போர்டின் மாடல் எண்ணையும் கீழே கருத்தில் போடுங்கள். நான் பார்க்கிறேன், இந்தத் துறையிலேயே வேலை பார்க்கும் நம் மாணவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் பார்ப்பார்கள். மின் கட்டணக் கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் போன் செய்யுங்கள், காலை பத்து மணிக்கு மேல்.

அனைவரும் நலமாக இருங்கள்.